தொண்டை ஆபரேஷன்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பேருந்து எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது இருபத்தாறு வருடங்களாக அவருடைய வேலை. மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி. குரல் கணீரென்று இருக்கும். கழிப்பறையில் இருப்பவன்கூட அரையும் குறையுமாக எழுந்து ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்துவிடுவான். தன் குரலைப் பற்றி அவருக்கும் நல்ல அபிப்பிராயம்தான். ஒரு வரியில் முடிய வேண்டியதை நாலு வரிக்கு இழுத்து, கடைசிச் சொல்லைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, அது நடைமேடைகளில் எதிரொலித்து அடங்கும் வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்ததாலோ, தண்ணீர் குடிக்க எழுந்து போகச் சோம்பல்பட்டதாலோ, அவருக்கு மூலம் வந்து மூன்று வருடமாகியிருந்தது. இந்த விஷயம் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். களிம்பு டியூபை மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள் வைத்துப் பூட்டினார். நாற்காலிக்கு மெத்தை போட்டுவிட்டு, முதுகுக்கு என்றார். கடைசியில் அந்தச் சொல்லே அவருக்கு ஆகாமல் போய்விட்டது. நிலையத்தின் அறிவிப்புத் தாளில் ‘இதன் மூலம் பயணிகளுக்குத் தெரிவிப்பது’ என்று அச்சடித்திருக்கும். அவர் மட்டும் அதை ‘இதனால்’ என்று மாற்றி வாசித்துவந்தார்.

ஒரு நாள் மதியம், பதினொன்றாம் நடைமேடைப் பேருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலி சுருக்கென்று ஏறியது. ‘பதினொன்று’ என்ற சொல்லின் கடைசியில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு ஓசை ஒலிபெருக்கியில் போயிற்று. கீழே இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன. மறுநாள் மருத்துவமனைக்குப் போனார். சோதித்துப் பார்த்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, “இத்தன நாளா யாருக்காக சேத்து வச்சீங்க?” என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

மூன்று வாரம் லீவு வேண்டும். நிலைய மேலாளர் அறைக்குப் போனபோது அங்கே விசாரணைக் கவுண்டரில் வேலை செய்யும் பெண்ணும், இரண்டு டிரைவர்களும், காலண்டர் மாட்ட வந்த ஒருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேலாளர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, என்ன ஆபரேஷன் என்று கேட்டார். வெண்கலம் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. சட்டைக் காலர் இறுக்குவதுபோல இருந்ததால் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

“தொண்டையா?” என்றார் மேலாளர். அவர் முகமே மாறிவிட்டது.

வெண்கலம் தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான் நடந்தது. வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று பிற்பாடு அவர் பலமுறை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மேலாளர் எழுந்து வந்து தோளைத் தொட்டார். தன் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தபோது இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும், அவர் ஐந்தாம் நாள் பால்காரரிடம் பேசிவிட்டுப் பட்ட பாட்டையும் விவரித்து, “மூச் விடக் கூடாது” என்று விரலை நீட்டிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னபோது வெண்கலத்துக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் பெருமையாகவே இருந்தது. மனைவி அஞ்சலகத்தில் கவுண்டரில் வேலை பார்ப்பவள். அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அப்போ ரெண்டு வாரம் நீங்க வாயத் திறக்கக் கூடாதா?”

“வெளியாளுங்க வந்தா மட்டும்.”

“எதிர் வீட்டுக்காரர் உங்க டெப்போ கண்டக்டர். இந்த வீட்ல பேசுறது அந்த வீட்ல கேக்கும். வீட்லயும் பேசாம இருக்கறதுதான் நல்லது.” அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் ஏதோ ஒன்று மின்னி மறைந்தது. அவர் அப்போதே அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு ராத்திரி மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்த வரைக்கும் வெண்கலம் இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் மரப்பு விட்டது. அப்புறம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் கார் கூரையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

டாக்டரம்மா சொல்லி அனுப்பியதெல்லாம் எளிமையான விஷயங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை வெதுவெதுப்பான நீர் நிரப்பிய தொட்டியில் கால் மணி நேரம் உட்கார வேண்டும். நிறைய தண்ணீர், கீரை, பழம். ராத்திரி தூங்கப்போகும்போது ஒரு கரண்டி மலமிளக்கி. வருகிறபோது போக வேண்டும், அடக்கக் கூடாது, முக்கக் கூடாது. உட்காருவதற்கு நடுவில் ஓட்டை போட்ட வளையத் தலையணை. மருந்துக் கடையில் அது தீர்ந்துபோயிருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் கடைகடையாக ஏறி இறங்கிக் கடைசியில் குழந்தைகள் நீச்சலடிக்கும்போது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காற்றடைத்த வளையம் ஒன்றை வாங்கி வந்தாள். மஞ்சள் நிறம். சுற்றிலும் வாத்துகள். “அளவு ஒண்ணுதாம்பா” என்றாள். பேசுவதற்குப் பதிலாக எழுதிக் காட்ட, தன் பழைய வெள்ளைப் பலகை ஒன்றையும் மார்க்கரையும் கொடுத்தாள்.

முதல் இரண்டு நாள் அவர் குப்புறப் படுத்தே கிடந்தார். தும்மல் வந்தால் அதைப் பாதியில் விழுங்கினார். சிரிப்பும் ஆகாது என்று தெரிந்தது, ஏனென்றால் மகள் வாசலில் நின்று அவருடைய நடையை நடித்துக் காட்டினாள். இதையெல்லாம்விட அவரை வாட்டியது வேறு ஒரு யோசனை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை போவது இருக்கிறதே, அது. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ‘பாத்துக்கங்க’ என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றும் போகவில்லை என்றால் வெளியே ஒன்றும் வராது என்று வெண்கலம் கணக்குப் போட்டார். வந்த கஞ்சியை ஜன்னல் ஓரத்துச் செடிக்கு ஊற்றினார். பப்பாளித் துண்டுகளைத் தலையணைக்கு அடியில் ஒளித்தார். புதன்கிழமை படுக்கையை உதறிய மனைவியின் கைக்கு அவை வந்தன.

“சாப்பிடாம இருந்தா அது வராதுன்னு நெனச்சீங்களா? இது என்ன உங்க பஸ்ஸா, ரத்துன்னு சொல்லிட்டுப் போறதுக்கு?” என்றாள்.

அவர் பலகையில் ஏதோ எழுத ஆரம்பித்தார். அவள் மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவருக்கு அருகில் இருக்கும்போதெல்லாம் அவளுடைய கண்ணாடி எங்கேயோதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை அது வந்தது. வெண்கலம் வாயில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு உள்ளே போனார். எதிர் வீட்டில் கண்டக்டர் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம், ஷூ போடும் சத்தம் கேட்டது. உள்ளே நடந்ததை விவரிக்க வேண்டாம். கண்ணாடித் துண்டு, முள்கம்பி என்று மனிதர்கள் இதற்கு என்னென்னவோ உவமை சொல்கிறார்கள். அவருக்கு ஒரு உவமையும் தோன்றவில்லை. செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொண்டார், பள்ளியில் படித்த வாய்ப்பாட்டை நினைத்துக்கொண்டார், பதினேழாம் வாய்ப்பாட்டில் சிக்கிக்கொண்டார். கதவுக்கு வெளியே மனைவி நின்றிருப்பது கீழிடுக்கில் தெரிந்த அவளுடைய கால் நிழலில் தெரிந்தது. அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “இங்கதான் இருக்கேன்” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல வெந்நீரின் சூட்டைக் கையால் பார்த்துவிட்டு, இன்னொரு செம்பு ஊற்றினாள்.

அதற்குப் பிறகு உடம்பு மெல்ல மெல்ல அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. வீடுதான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மனைவியின் தம்பி பார்க்க வந்தான். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மாட்டும் மெக்கானிக் அவன். கூடவே அவனுடைய நாயும் வந்தது. பன்னு என்று பெயர், உருவமும் அப்படித்தான். கம்பெனி அவனை இரண்டு மாதம் வெளியூர் வேலைக்கு அனுப்புகிறது, அதுவரை பன்னுவை இங்கே விட்டுப்போகலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தான். வெண்கலத்துக்கு நாய் என்றால் ஆகாது. இதற்கு முன்னால் இரண்டு முறை அவன் இதே கேள்வியோடு வந்து, வெண்கலத்தின் அரை மணி நேரப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். இந்த முறை அத்தான் போர்வை போர்த்திய வாத்து வளையத்தின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், வாய் பேசவில்லை. தொண்டையைப் பற்றி அவன் மிகவும் வருத்தப்பட்டான்.

மனைவி கணவனுக்கு எதிரில் வந்து நின்றாள். “தம்பி நாய விட்டுட்டுப் போறான். உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?”

அவர் கூடாது கூடாது என்று தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினார்.

“இல்லையாம்” என்றாள் அவள் தம்பியிடம்.

வெண்கலம் பாய்ந்து பலகையை எடுத்து ‘நாய் வேண்டாம்’ என்று எழுதப்போனார். மார்க்கர் காய்ந்திருந்தது. ‘நாய் வேண்’ வரைக்கும்தான் விழுந்தது. மகள் அதை எட்டிப் பார்த்து, நாய் வேண்டுமாம் என்று வாசித்துச் சொன்னாள். மச்சினன் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “அத்தான், உங்கள நான் தப்பா நெனச்சிருந்தேன்” என்றான்.

“அப்படியே இன்னொண்ணும் கேட்டுடறேன்” என்றாள் மனைவி. அவளுடைய அஞ்சலகத்துப் பெண்கள் ஆறு பேர் வருடா வருடம் பத்து நாள் மலைப்பக்கம் சுற்றிவிட்டு வருவார்கள். நாலு வருடமாக அவளும் போக வேண்டும் என்று பேச்செடுப்பாள். அவர் அந்த மலைப்பாதையின் வளைவுகள், பேருந்துகளின் பிரேக், போன மழைக்காலத்து மண்சரிவு என்று ஆரம்பித்து, அவள் எதற்கு வந்தாள் என்பதே மறந்துபோகிற அளவுக்குப் பேசி முடித்துவிடுவார். இப்போது அவள் தம்பியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, போய்விட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

தலையை ஆட்டினால் வம்பு என்று பாடம் கற்றிருந்த வெண்கலம், இந்த முறை கழுத்தைக் கல்போல வைத்துக்கொண்டு, இமைகூடக் கொட்டாமல் அவளையே முறைத்துப் பார்த்தார்.

“பாத்தியா, ஒரு வார்த்த மறுப்பு சொல்லல” என்றாள் அவள். தம்பி அக்காவைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்றான்.

அவன் போனதும் வெண்கலம் அவளைப் படுக்கையறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் உதட்டில் விரல் வைத்து, எதிர் வீட்டுச் சுவரைக் கண்ணால் காட்டினாள்.

ஒருவகையில் அந்த மௌனம் அவருக்கு வேறு அனுபவமாகவும் இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இரவுச் சாப்பாட்டின்போது மற்றவர்கள் பேசிக் கேட்டார். அஞ்சலகத்தில் ஒரு கிழவர் வாரா வாரம் தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிக்கொள்கிறாராம். கையெழுத்து வாங்க யாராவது வீட்டுக்கு வருவார்களே என்பதற்காகவாம். மனைவி இதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். மகள் இடையில் கேள்விகள் கேட்டாள். அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது. பலகையில் எழுதினார். மனைவி அதைக் கண்ணாடி இல்லாமலே படித்துப் பதில் சொன்னாள்.

பன்னுவோ வந்த நாளிலிருந்து அவரைவிட்டு நகரவில்லை. களிம்பு வாசனையா, வேறெதுவுமா தெரியவில்லை, வீட்டில் எத்தனையோ இடம் இருக்க அதன் மூக்கு எப்போதும் அவருடைய பின்பக்கத்தையே தேடிவந்தது. அவர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கப் பழகினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நிலைய மேலாளரும் விசாரணைக் கவுண்டர் பெண்ணும் ஒரு பை பழத்தோடும் தொண்டைக்கு இதமான மிட்டாய் டப்பாவோடும் வந்தார்கள். வெண்கலம் அவசரமாகக் கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வளையத்தைப் போர்வையால் மூடி, அதன் மேல் இறங்கி உட்கார்ந்தார். கால் மாற்றிப் போட்டபோது அடியிலிருந்து காற்று பிதுங்கும் ஒரு சத்தம் வந்தது. விருந்தாளிகள் இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

மேலாளர் உடம்பைப் பற்றி விசாரித்தார். முழுங்க முடிகிறதா என்று கேட்டார். வெண்கலம் விரலால் கொஞ்சம் என்று காட்டினார். பிறகு மேலாளர் நிலையத்துச் செய்திகளைச் சொன்னார். அவருக்குப் பதிலாகக் கவுண்டர் பெண்தான் இந்த எட்டு நாளும் அறிவிப்புச் செய்தாளாம். எண், ஊர், நடைமேடை, நேரம், அவ்வளவுதானாம், ஒரு மூச்சில் முடித்துவிடுவாளாம். பேருந்துகள் இப்போது ஏழெட்டு நிமிடம் முன்னதாகவே கிளம்பத் தயாராகிவிடுகின்றனவாம்.

“நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. உங்க அறிவிப்பு முடியட்டும்னு டிரைவருங்க காத்திருப்பாங்க. மரியாதைக்கு. இப்ப அந்தத் தொல்ல இல்ல” என்றார் மேலாளர்.

வெண்கலத்தின் காது சிவந்தது. இருபத்தாறு வருடம். எதிரே அந்தப் பெண் குனிந்து பழத்தைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள், அவள் தோள்கள் லேசாகக் குலுங்கின. அவருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு போர்வையின் நுனியைத் திருகினார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து வந்த பன்னு, இரண்டடி பின்னால் போய், ஓடிவந்து அவர் மடியில் குதித்தது. வளையம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர் நாற்காலியின் வெறும் மரப்பலகையில் போய் உட்கார்ந்தார்.

“அடியே, நாயப் புடி! தையல் பிரிஞ்சிடும்!”

எட்டு நாள் அடைத்து வைத்திருந்த குரல். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பன்னு சோபாவுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

போர்வை விலகி மஞ்சள் வாத்துகள் வரிசையாக விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கவுண்டர் பெண்ணிடம் திரும்பி, “எட்டு நாள். நீ ஜெயிச்சுட்ட” என்றார்.

அவள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்துபோய் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு சிரித்தாள். மேலாளர்தான் விளக்கினார். லீவு விண்ணப்பத்தோடு மருத்துவமனைச் சான்றிதழ் வைக்க வேண்டும் என்பது விதி. அது போன புதன்கிழமையே வந்துவிட்டது. என்ன நோய், எங்கே ஆபரேஷன் என்று டாக்டரம்மா அச்செழுத்தில் எழுதியிருந்தார். தபால் பிரித்த குமாஸ்தா படித்தார், அப்புறம் டிரைவர்கள் அறை, அப்புறம் டீக்கடை. நிலையம் முழுக்கத் தெரியும். இரண்டு வாரமும் தாக்குப்பிடிப்பார் என்று மேலாளர் சொல்ல, பத்து நாள்கூடத் தாங்காது என்று அவள் சொல்ல, தோற்றவர் ஷிப்டு முழுவதற்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம்.

“சான்றிதழ யாரு அனுப்புனது?” என்று கேட்டார் வெண்கலம். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. அஞ்சலகத்தில் வேலை செய்பவர்கள் அந்த வீட்டில் ஒருவர்தான். அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். மனைவி ஜன்னல் திரையின் ஓரத் தையலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகள் போனபிறகு வெண்கலம் படுக்கையறைக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இனி அந்தக் கண்ணாடி அறைக்குள் எந்த மூஞ்சியோடு போவது என்று நினைத்தார். ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனதுக்குள் எழுதினார். அதில் ‘இதன் மூலம்’ என்று வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்.

மனைவி உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில், மெத்தை அசையாதபடி உட்கார்ந்தாள்.

“புதன்கிழமையே எல்லாருக்கும் தெரியும்னு உனக்குத் தெரியும்” என்றார் அவர் தலையணைக்குள்ளிருந்து.

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு என்ன ஊமையா உக்கார வச்ச?”

அவள் போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: “கல்யாணமாகி இருபத்திமூணு வருஷம். நான் ஆரம்பிச்ச பேச்ச நானே முடிச்சது இந்த எட்டு நாள்லதான். மொத நாள் சும்மா வெளையாட்டாத்தான் செஞ்சேன். அப்புறம் விட மனசு வரல.”

அவர் திரும்பி அவளைப் பார்க்க முயன்றார். வலித்தது, திரும்பவும் குப்புறப் படுத்தார்.

“இன்னொண்ணு சொல்லட்டா? குறுக்க பேசக் கூடாது” என்றாள். “மூணு வருஷமா உங்க துணிய தொவைக்கறது யாரு? ரத்தத்தப் பாத்த அன்னிக்கு எனக்குக் கை கால் ஓடல. என்னென்னமோ நெனச்சேன். உடம்புக்கு என்னன்னு கேட்டா நீங்க ஆறாம் நம்பர் பஸ்ஸப் பத்திப் பேசுவீங்க. எத்தன தடவ கேட்டிருப்பேன். பயந்துக்கிட்டே இருந்தேங்க, மூணு வருஷமும்.”

வெண்கலத்துக்கு உடனே சொல்ல நிறைய வந்தது. வெட்கத்தைப் பற்றி, வேலையைப் பற்றி, அவளைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று நினைத்ததைப் பற்றி. எல்லாமே நாலு வரிக்கு இழுக்கிற மாதிரியான விஷயங்கள். அவர் கையை நீட்டித் துழாவி அவளுடைய முழங்கையைப் பிடித்தார்.

“தப்புதான்” என்றார்.

அவள் மேலும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. எழுந்து, தொட்டியில் வெந்நீர் வைக்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, நிலையத்தின் வாசலிலிருந்தே டிரைவர்களும் கண்டக்டர்களும் தொண்டை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். வெண்கலம் நின்று, ஒவ்வொருவரிடமும் உட்கார முடிகிறது என்று பதில் சொன்னார். நாலைந்து பேருக்கு அப்படிச் சொன்னபிறகு அவர்களுக்குச் சுவாரஸ்யம் விட்டுப்போயிற்று. ஒரு வயதான டிரைவர் மட்டும் படிக்கட்டில் பின்னாலேயே வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, டாக்டரம்மாவின் நேரம் என்ன என்று கேட்டார்.

மைக் மேஜையின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்திருந்தார்கள், நின்றுகொண்டே பேசலாம். மதிய ஷிப்டு கவுண்டர் பெண்ணுக்கே நிரந்தரமாகப் போயிருந்தது. அவளுடைய அறிவிப்பை அவர் ஒரு நாள் கீழே நடைமேடையில் நின்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் கொஞ்சம் முழுங்குகிறாள் என்று தோன்றியது. அதை அவளிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

அவருடைய அறிவிப்புகளும் குறுகிவிட்டன. நின்றுகொண்டே பேசும்போது நாலு வரிக்கு மூச்சு வரவில்லை என்பது ஒரு காரணம்.

அதற்கடுத்த வாரம் மனைவி மலைக்குக் கிளம்பினாள். காலை ஏழு நாற்பது, ஒன்பதாம் நடைமேடை. அவர் ஐந்து மணிக்கே எழுந்து, வெந்நீர் வைத்து, தானே உட்கார்ந்து எழுந்து, கீரையும் வேகவைத்திருந்தார். நாய்க்குச் சோறு போடும் அளவைக் குளிர்பெட்டியில் எழுதி ஒட்டிய மனைவி, அவருடைய மாத்திரைகளின் அளவை அதற்குக் கீழேயே எழுதியிருந்தாள். இரண்டையும் மாற்றிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

கண்ணாடி அறையிலிருந்து அவளைப் பார்க்க முடிந்தது. அஞ்சலகத்துப் பெண்கள் ஆறு பேருக்கு நடுவில், புது ஷூ போட்டுக்கொண்டு, கையை வீசி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். பேருந்துக்கு இரண்டு அறிவிப்பு என்பது கணக்கு. அவர் மூன்றாவது முறையும் சொன்னார். மேலாளர் உள்தொலைபேசியில் கூப்பிட்டு, எதற்கு மூன்று என்று கேட்டார். சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தேன் சார் என்றார் வெண்கலம். அவள் படியேறும் முன் மாடியை நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள். பேருந்து பின்வாங்கி, திரும்பி, வாசலைத் தாண்டிப் போயிற்று.

கால் மணி நேரம் கழித்து அவருடைய செல்போன் அடித்தது. அவர் அப்போதுதான் நாலாம் நடைமேடை அறிவிப்பை முடித்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

“என்னங்க, கேக்க மறந்துட்டேன்” என்று மனைவியின் குரல் பதினெட்டு ஒலிபெருக்கிகளிலும் ஒலித்தது. “காலைல கஷ்டமில்லாம போச்சா?”

நிலையம் ஒரு கணம் அப்படியே நின்றது. பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வெண்கலம் டம்ளரைப் பிடித்தபடி கண்ணாடிக்கு வெளியே அந்த முகங்களைப் பார்த்தார், பிறகு சிவப்பு விளக்கைப் பார்த்தார். மேலாளர் அறையின் கதவு திறந்தது. பொத்தானை அணைக்க ஒரு விரல் போதும். விரல் அதன் மேல் போய் நின்றது. போனில் அவள், “கேக்குதா?” என்றாள். பதில் வராவிட்டால் அவள் பயப்படுவாள் என்று அவருக்குத் தோன்றியது.

“போச்சு” என்றார், பழைய கணீர்க் குரலில். “சிரமமே இல்ல.”

அதற்குப் பிறகுதான் பொத்தானை அணைத்தார். அதற்குள் கீழே விசாரணைக் கவுண்டரை நாற்பது பேர் சூழ்ந்துகொண்டு, போனது எந்தப் பஸ், அடுத்தது எத்தனை மணிக்கு என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள்.